சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்கள்: அடையாளம் காண்பது முதல் படம் எடுப்பது வரை

பழைய சோவியத் லென்ஸ் ஒன்று கைக்கு வந்தால் எல்லோரும் முதலில் முன்பக்க வளையத்தில் இருக்கும் பெயரைப் படிக்கிறார்கள். பெயர் முக்கியம்தான். ஆனால் அந்த லென்ஸ் உங்கள் கேமராவில் பொருந்துமா, பொருந்தினாலும் ஃபோகஸ் ஆகுமா என்பதைப் பெயர் சொல்லாது, பின்பக்கம்தான் சொல்லும். ஜூப்பிட்டர்-9 என்ற ஒரே பெயரில் பல வகை மவுன்ட்டுகளில் (கேமராவில் லென்ஸ் மாட்டும் பகுதி) லென்ஸ்கள் வந்திருக்கின்றன. அதில் இரண்டு மட்டுமே ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல், தனி ஜன்னலில் தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும்) கேமராவுக்கானவை. விற்பவர்களில் பலருக்கே இந்த வேறுபாடு தெரியாது. அதனால் இந்த வழிகாட்டி பின்பக்கத்திலிருந்து தொடங்குகிறது.

அதற்கு முன், இவை எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இல்லாவிட்டால் பெயர்கள் குழப்பும். கார்கிவ் நகரில் இருந்த ஃபெட் தொழிற்கூடம் 1934-இல் லைக்கா II கேமராவின் நகலைத் தயாரிக்கத் தொடங்கியது. போருக்குப் பிறகு மாஸ்கோ அருகே உள்ள கிராஸ்னகோர்ஸ்க் ஆலை அதே வடிவத்தில் சோர்க்கி கேமராவைக் கொண்டுவந்தது. ஜெர்மனியின் டிரெஸ்டனில் இருந்த சைஸ் ஐகான் நிறுவனத்தின் கான்டாக்ஸ் கேமராவோ போர் இழப்பீடாகச் சோவியத் யூனியனுக்குப் போய், கீவ் நகர அர்செனால் ஆலையில் 'கீவ்' என்ற பெயரில் 1980-கள் வரை தயாரானது. ஆக, ஃபெட்டும் சோர்க்கியும் லைக்கா வழி, கீவ் கான்டாக்ஸ் வழி. மவுன்ட் விஷயத்தில் இதுதான் பெரிய பிரிவு.

படி 1: மவுன்ட்டைக் கண்டுபிடியுங்கள்

லென்ஸைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் 39 மி.மீ. விட்டத்தில் திருகு மரை இருந்தால் அது எம்39. மரை இல்லாமல், உட்புறம் கொக்கிகள் போன்ற பிடிகள் இருந்தால் கீவ் மவுன்ட்.

எம்39 என்றதும் சரி, கிடைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதே 39 மி.மீ. மரையைச் சோவியத்காரர்கள் ஆரம்பகால ஜெனிட் எஸ்எல்ஆர் (உள்ளே உள்ள கண்ணாடியின் உதவியால் லென்ஸ் வழியாகவே பார்க்கும்) கேமராக்களுக்கும் பயன்படுத்தினார்கள். ரேஞ்ச்ஃபைண்டர் எம்39-இல் மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் 28.8 மி.மீ. ஜெனிட்டில் அது 45.2 மி.மீ. இடையே 16.4 மி.மீ. வித்தியாசம். ஜெனிட் லென்ஸை சோர்க்கியில் திருகினால் அழகாக உட்காரும், ஆனால் எதிலும் ஃபோகஸ் ஆகாது. ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸை ஜெனிட்டில் மாட்டினால் மூக்குக்கு முன்னால் இருப்பதை மட்டும் படம் எடுக்கலாம்.

பிரித்தறிய ஓர் எளிய சோதனை உண்டு. லென்ஸின் பின்புறத்தைப் பார்த்தபடியே ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். மரைக்கு உள்ளே பளபளப்பான உலோக வளையமோ குழாயோ முன்னும் பின்னும் நகர்ந்தால் அது ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ். கேமராவுக்குள் இருக்கும் சின்ன நெம்புகோல் அந்த வளையத்தைத் தொட்டுத்தான் தூரத்தை அளக்கிறது. எஸ்எல்ஆர் லென்ஸுக்கு அந்த வேலை இல்லாததால் அந்த வளையமும் இருக்காது.

இன்னும் சில குறிப்புகள். ஹீலியோஸ்-44 எனும் 58 மி.மீ. லென்ஸ், மிர்-1 எனும் 37 மி.மீ. லென்ஸ், டாயிர் வரிசை, இவை எல்லாமே எஸ்எல்ஆர் லென்ஸ்கள். 'எம்39, லைக்காவில் பொருந்தும்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தாலும் விட்டுவிடுங்கள். ஃபோகஸ் வளையமே இல்லாத எம்39 லென்ஸ் என்றால் அது இருட்டறையில் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் லென்ஸ். சாய்க்கா என்ற அரை ஃபிரேம் கேமராவின் இண்டஸ்டார்-69 இன்னொரு தொல்லை. 28 மி.மீ., எஃப் 2.8 (ஒளி நுழையும் திறப்பின் அளவு, எண் சிறிதானால் திறப்பு பெரிது), அதே 39 மி.மீ. மரை, பார்க்கவும் சின்னதாக அழகாக இருக்கும். ஆனால் அதன் மவுன்ட்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரம் 27.5 மி.மீ. என்பதால் சாதாரண அடாப்டரில் (வேறு கேமராவில் மாட்ட உதவும் இணைப்பு வளையம்) மாட்டினால் தொலைவில் இருப்பவை தெளிவாக விழாது. அரை ஃபிரேமுக்குச் செய்ததால் முழு ஃபிரேமின் மூலைகளும் கறுத்துவிடும்.

கீவ் மவுன்ட்டில் இரண்டு வகை உண்டு. 50 மி.மீ. லென்ஸ்களுக்கு சொந்தமாக ஃபோகஸ் அமைப்பே கிடையாது, அது கேமரா உடலில்தான் இருக்கிறது. 35, 85, 135 மி.மீ. லென்ஸ்கள் வெளிப்புறப் பிடியில் மாட்டும், ஃபோகஸ் அமைப்பு அவற்றிலேயே இருக்கும். மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராவில் போட நினைப்பவர் இதைக் கவனிக்க வேண்டும். கீவ் 50 மி.மீ. லென்ஸ் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்கு ஃபோகஸ் திருகு உள்ள அடாப்டர் தேவை, அதன் விலை லென்ஸைத் தாண்டிவிடலாம். முதல் லென்ஸ் என்றால் எம்39 வாங்குவதே புத்திசாலித்தனம்.

படி 2: முன்பக்கத்தைப் படியுங்கள்

உள்நாட்டுக்காகச் செய்தவற்றில் பெயர் ரஷ்ய எழுத்தில் இருக்கும், ஏற்றுமதிக்கானவற்றில் ஆங்கில எழுத்தில் இருக்கும். உள்ளே இருக்கும் கண்ணாடி ஒன்றுதான். ரஷ்ய எழுத்து தெரியாவிட்டாலும் கவலை இல்லை. ஒரு நேர்கோடும் ஒரு வட்டமும் சின்னக் கோட்டால் இணைந்த எழுத்தில் தொடங்கினால் ஜூப்பிட்டர். ஆங்கில என் எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் இருந்தால் இண்டஸ்டார். இதைத் தவிர, வாசல் நிலை போல இரண்டு கால்களும் மேலே ஒரு குறுக்குச் சட்டமும் கொண்ட ஓர் எழுத்து சிவப்பில் இருந்தால், லென்ஸில் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டு என்று பொருள்.

இண்டஸ்டார்கள் எல்லாம் சைஸ் நிறுவனத்தின் டெசார் வழி வந்தவை: மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள். ஜூப்பிட்டர்கள் பெரும்பாலும், லுட்விக் பெர்ட்டெலே 1930-களில் சைஸுக்காக வடிவமைத்த சொன்னார் வழி. ஜூப்பிட்டர்-12 மட்டும் அவருடைய பயோகான் வழி. போர் முடிந்த சில ஆண்டுகளில் கிராஸ்னகோர்ஸ்கில் தயாரானவற்றில் ஜெர்மன் கண்ணாடி பயன்பட்டது. பிறகு சோவியத் கண்ணாடிக்கு ஏற்ப வடிவத்தை மறுபடி கணக்கிட்டார்கள். மிகப் பழைய பிரதிகளுக்குச் சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். படம் எடுக்க மட்டும் வாங்குகிறவர் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை.

பழைய பிரதிகளில் குவியத் தூரம் சென்டிமீட்டரில் இருக்கும், 5 செ.மீ. என்றால் 50 மி.மீ. என்று வாசித்துக்கொள்ளுங்கள். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பல ஆலைகளில் தயாரிப்பு ஆண்டைக் குறிக்கும். 62 என்று தொடங்கினால் 1962. ஆனால் 1950-களின் தொடக்கத்துக்கு முந்தையவற்றிலும் ஃபெட் ஆலையின் லென்ஸ்களிலும் இந்த விதியை நம்ப வேண்டாம். ஆலை முத்திரைகளில் எளிதில் தெரிவது கிராஸ்னகோர்ஸ்க்: ஒரு சரிவகப் பட்டகம், அதன் ஊடாக வளைந்து செல்லும் ஒளிக்கதிர். ஜூப்பிட்டர்-3 கடைசிக் காலத்தில் வல்டாய் ஆலையிலும், ஜூப்பிட்டர்-12-இன் பிற்காலப் பிரதிகள் லித்கரினோ ஆலையிலும் தயாராயின.

முன்பக்கத்தில் 'லைட்ஸ் எல்மார்' (லைக்கா லென்ஸின் பெயர்) என்று பொறித்து, ஜெர்மன் ராணுவச் சின்னங்களோடு வரும் தங்கநிற 'லைக்கா' கேமராக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் ஃபெட் அல்லது சோர்க்கி மீது பொறித்த போலிகள். லென்ஸைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உண்மையான எல்மாரில் அப்பெர்ச்சர் (ஒளி நுழையும் திறப்பு) இதழ்கள் முதல் கண்ணாடிக்கு நேர்ப் பின்னால் இருக்கும். சோவியத் லென்ஸில் இரண்டாவது கண்ணாடிக்கும் பின்னால் தள்ளி இருக்கும். லென்ஸைக் கழற்றினால் இன்னொரு சாட்சி: லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் நெம்புகோலின் முனையில் சின்ன உருளை இருக்கும், ஃபெட், சோர்க்கியில் தட்டையான விரல் போன்ற முனை இருக்கும்.

படி 3: எந்த லென்ஸ் யாருக்கு

இண்டஸ்டார்-22 (50 மி.மீ., எஃப் 3.5) உள்ளே தள்ளி மடக்கக்கூடியது. மடக்கினால் கேமரா சட்டைப் பையில் போகும் அளவுக்குத் தட்டையாகும். இண்டஸ்டார்-26எம் எஃப் 2.8, மடங்காது. இண்டஸ்டார்-61 எல்/டி (55 மி.மீ., எஃப் 2.8) லாந்தனம் கலந்த கண்ணாடி கொண்டது, ஃபெட் கேமராக்களோடு ஏராளமாக வந்தது. வரிசையிலேயே மலிவானதும், முழுத் திறப்பிலேயே கூர்மையானதும் இதுதான். இதையும் இண்டஸ்டார்-61 எல்/இசட் லென்ஸையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னணி விளக்குகளை நட்சத்திர வடிவில் காட்டுவது அந்த எஸ்எல்ஆர் லென்ஸ்.

ஜூப்பிட்டர்-8 (50 மி.மீ., எஃப் 2) எனக்குப் பிடித்தது. எஃப் 2-இல் முகத்தின் மேல் மெல்லிய மினுமினுப்பு, எஃப் 4-க்குப் போனால் நல்ல கூர்மை. எடை மிகக் குறைவு. ஒரே ஒரு லென்ஸ் வாங்குவதானால் இதை வாங்குங்கள் என்பேன்.

ஜூப்பிட்டர்-3 (50 மி.மீ., எஃப் 1.5) எல்லோரும் ஆசைப்படுவது. முதல் லென்ஸாக மட்டும் வாங்காதீர்கள். எஃப் 1.5-இல் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. அப்பெர்ச்சரைச் சுருக்கும்போது ஃபோகஸ் விழும் இடமும் சற்று நகரும், சொன்னார் வடிவத்தின் இயல்பு அது. அதற்கு மேல், கைமாறிய இடங்களில் யாரோ பிரித்துத் தவறாகப் பூட்டிய பிரதிகள் அதிகம். இந்த லென்ஸின் புது வடிவத்தை லோமோகிராஃபி நிறுவனம் 2016-இல் கிராஸ்னகோர்ஸ்க் ஆலையிலேயே செய்வித்து வெளியிட்டது. அது 0.7 மீட்டர் வரை ஃபோகஸ் ஆகும், பழையது 1 மீட்டரோடு நின்றுவிடும்.

ஜூப்பிட்டர்-9 (85 மி.மீ., எஃப் 2) 15 இதழ் அப்பெர்ச்சரால் பின்னணியை வழவழப்பாகக் கரைக்கும். ஜூப்பிட்டர்-11 (135 மி.மீ., எஃப் 4) கூர்மையானது, அதைத் தேடுவோர் குறைவு என்பதால் விலையும் குறைவு.

ஜூப்பிட்டர்-12 (35 மி.மீ., எஃப் 2.8) தனியாகச் சொல்ல வேண்டியது. இதன் பின் கண்ணாடி குமிழ் போலப் புடைத்து, கேமராவுக்குள் ஆழமாக நுழையும். கோடுகள் வளையாத நல்ல படம் தரும். ஆனால் எல்லா உடலிலும் இது பொருந்தாது. போருக்குப் பிந்தைய கான்டாக்ஸ் IIஏ-வில் மாட்டவே முடியாது. லைக்கா எம்5, சிஎல் கேமராக்களில் ஒளிமானிக் கை உள்ளே ஆடும் என்பதால் இடித்துவிடும். மிரர்லெஸ் கேமராவில் அடாப்டரோடு மாட்டும்போது மிக மெல்லத் திருகுங்கள், எங்கேயாவது தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பின் மூடி தொலைந்த ஜூப்பிட்டர்-12-ஐ மேசைமேல் அப்படியே நிமிர்த்தி வைத்தால் கண்ணாடிதான் மேசையைத் தொடும்.

28 மி.மீ. ஓரியான்-15-இன் அதிகபட்சத் திறப்பே எஃப் 6. மிகயீல் ரூசினோவ் வடிவமைத்த 20 மி.மீ. ருஸ்ஸார் எம்ஆர்-2 எஃப் 5.6. இரண்டும் அரிது, விலையும் அதிகம். இரண்டுக்கும் தனி வியூஃபைண்டர் வேண்டும். ருஸ்ஸாரை டிஜிட்டல் சென்சாரில் போட்டால் ஓரங்களில் ஊதா நிறம் படியும், கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவிட்டால் தெரியாது.

படி 4: வாங்கும் முன் சோதனை

அப்பெர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். நாலைந்து தூசிகளைப் பொருட்படுத்த வேண்டாம். மெல்லிய வேர்கள் போலப் பரவியிருந்தால் பூஞ்சை. பால் போன்ற மங்கல் இருந்தால் கிரீஸ் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்திருக்கிறது. ஜூப்பிட்டர்-3, 8 இரண்டிலும் அப்பெர்ச்சரை ஒட்டிய பரப்புகளில் இது சகஜம், பெரும்பாலும் துடைத்துவிடலாம். ஓரத்தில் வானவில் நிறத் திட்டுகள் இருந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன என்று பொருள். அதை விட்டுவிடுங்கள். முன் கண்ணாடியில் துடைத்த கீறல்கள் நிறைய இருந்தால் எதிர்வெளிச்சத்தில் படம் வெளுக்கும்.

அப்பெர்ச்சர் இதழ்களில் எண்ணெய் இருந்தால் பலர் பயப்படுகிறார்கள். எஸ்எல்ஆர் லென்ஸ்களில் இதழ்கள் நொடியில் சுருங்க வேண்டும், அங்கே எண்ணெய் பெரிய குறை. இங்கே நாம் கையால்தான் சுருக்குகிறோம். லேசான எண்ணெயால் ஒன்றும் ஆகாது.

ஃபோகஸ் வளையம் இறுகியிருந்தால் பழைய கிரீஸ் கெட்டியாகிவிட்டது. அதைச் சரிசெய்யலாம், ஆனால் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். இந்த லென்ஸ்களின் திருகில் மரை பல இடங்களில் தொடங்கும். பிரித்தபின் வேறொரு தொடக்கத்தில் பூட்டிவிட்டால் ஃபோகஸ் மொத்தமாகத் தவறிவிடும். ஜூப்பிட்டர்-9-இல் இது அடிக்கடி நடக்கும் விபத்து. வளையத்தைக் கடைசிவரை திருப்பும்போது முடிவிலிக் குறி (மிகத் தொலைவைக் காட்டும் ∞) மேல் புள்ளியில் சரியாக வந்து நிற்கிறதா, அப்பெர்ச்சர் எண்கள் வாசிக்கும்படி மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள். பக்கவாட்டில் போய் நின்றால் யாரோ பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள்.

படி 5: ஃபோகஸ் சரிதானா?

சோனி, ஃபியூஜி போன்ற மிரர்லெஸ் கேமராவில் இது எளிது. எம்39-க்கான அடாப்டரை வாங்கி மாட்டுங்கள். லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் அடிக்கும் அமைப்பை மெனுவில் இயக்குங்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் செய்யுங்கள். ரேஞ்ச்ஃபைண்டர் பிசகு எதுவும் இங்கே உங்களைத் தொடாது. மடக்கும் லென்ஸை மட்டும் மடக்க வேண்டாம், உள்ளே ஷட்டரை இடிக்கலாம்.

ஃபிலிம் கேமராவில் இரண்டு சோதனைகள். முதலாவது முடிவிலி. பின்கதவு கழன்று வரும் ஃபெட்-2, சோர்க்கி-4, கீவ்-4 போன்ற உடலானால், ஷட்டரை 'பி' (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்துத் திறந்து, ஃபிலிம் ஓடும் பாதையில் டிரேசிங் தாளை இறுக்கமாக ஒட்டி, தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். வளையம் முடிவிலியில் நிற்கும்போது கோபுரம் தெளிவாக விழ வேண்டும். இரண்டாவது, அருகில். ஒரு மீட்டர் தூரத்தில் செய்தித்தாளைச் சாய்த்து வைத்து, நடுவரியில் ரேஞ்ச்ஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களையும் ஒன்றாக இணைத்து, முழுத் திறப்பில் படம் எடுங்கள். ஃபிலிமில் எந்த வரி தெளிவாக விழுந்திருக்கிறது என்பதே விடை.

லைக்காவில் இந்த லென்ஸ்களைப் போடுபவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. லென்ஸை அடிப்படையாக வைத்தது. ஜூப்பிட்டர் 50-களோ கான்டாக்ஸ் வழியில் வந்ததால் உண்மையில் சுமார் 52.4 மி.மீ. ஆகவே முடிவிலியில் சரியாக இருக்கும் லென்ஸ் ஒரு மீட்டரில் சற்றுப் பிசகும். எஃப் 4-க்குச் சுருக்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும். ஜூப்பிட்டர்-3-ஐ எஃப் 1.5-இல் பயன்படுத்துபவர், ஒளியியல் பகுதிக்கும் திருகுக்கும் நடுவே உள்ள மெல்லிய உலோக வளையத்தின் தடிமனை மாற்றி, தனக்குப் பிடித்த தூரத்துக்கு அதைச் சரிசெய்துகொள்வார். கண்ணாடிப் பகுதியைக் கழற்றும்போது அந்த வளையம் நழுவி விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைக்கா எம் உடலுக்கு 1 மி.மீ. தடிமன் உள்ள அடாப்டர் வளையம் வேண்டும். 50-க்கும் 35-க்கும் வியூஃபைண்டரில் அதற்குரிய சட்டத்தைக் காட்டும் வளையத்தை வாங்குங்கள். 85 மி.மீ.-க்கு 90-இன் சட்டம் போதும்.

1930-களின் ஃபெட் லென்ஸ்கள் வேறு கதை. அப்போது ஒவ்வொரு லென்ஸையும் அதனதன் உடலுக்கு ஏற்பக் கையால் பொருத்தினார்கள், 28.8 என்ற அளவு அப்போது உறுதியாகவில்லை. அந்த லென்ஸை அது வந்த கேமராவிலேயே விட்டுவிடுவது நல்லது.

படி 6: படம் எடுக்கும்போது

ஃபெட், சோர்க்கி இரண்டிலும் ஷட்டரை ஏற்றிய (ஃபிலிமை நகர்த்தி அடுத்த படத்துக்குத் தயார் செய்த) பிறகே வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் மாற்றினால் உள்ளே பழுதாகலாம். ஃபெட்-1, சோர்க்கி-1 இரண்டிலும் ஃபிலிம் அடியிலிருந்து ஏறுவதால் அதன் முனையைச் சுமார் 10 செ.மீ. நீளத்துக்குக் குறுகலாக வெட்டிக்கொள்ளுங்கள். கீவில் வலது கைவிரல் ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னலை மறைத்துவிடும், விரலை மடக்கிப் பிடிக்கப் பழக வேண்டும்.

பூச்சு பழையது, எதிர்வெளிச்சத்தை இந்த லென்ஸ்கள் தாங்காது. எனவே ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் ஒளித்தடுப்பு) வாங்குங்கள். ஜூப்பிட்டர்-3, 8, 11, 12, இண்டஸ்டார்-61 எல்லாவற்றுக்கும் ஃபில்டர் அளவு 40.5 மி.மீ.தான், ஒரே ஹூட்டும் ஃபில்டரும் பலவற்றுக்கு உதவும். ஜூப்பிட்டர்-9-க்கு மட்டும் 49. ஜூப்பிட்டர்-12-இல் அப்பெர்ச்சர் வளையம் முன்பக்கக் குழிக்குள் இருப்பதால், ஃபில்டர் போட்டபின் அப்பெர்ச்சரை மாற்றுவது சிரமம். முதலில் அப்பெர்ச்சரை வைத்துவிட்டு அப்புறம் ஃபில்டரை மாட்டுங்கள்.

போருக்கு முந்தைய லென்ஸ்களில் அப்பெர்ச்சர் எண்கள் 3.5, 4.5, 6.3, 9, 12.5, 18 என்று போகும். ஒளிமானி 8 என்று காட்டினால் 9-க்குச் சற்று முன்னால் வையுங்கள், நெகட்டிவ் ஃபிலிம் அந்தச் சின்ன வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளும்.

சென்னை, யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் வைத்திருப்பவர்கள் லென்ஸை அதோடு வந்த தோல் உறையில் வைக்க வேண்டாம். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், மழைக்காலத்தில் ஜெல்லைச் சூடுபடுத்தி மறுபடி போடுங்கள். பூஞ்சை உள்ள லென்ஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதைச் சுத்தம் செய்யும்வரை வேறு டப்பாவில் வைப்பதே நல்லது.